ஐந்தாவது ஏற்றம்

16 டிசம்பர் 2024, திங்கள்

மூன்று வழக்குகளும் வாய்தா. நான்கு மணிக்கே நீதிமன்றத்தை விட்டு வெளியே வந்துவிட்டேன். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தருகே சுபாஷின் சைக்கிள் கடையில் ராஜதுரை உட்கார்ந்திருந்தான். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். கல்வராயன் மலையில் பிறந்தவன். ஆறாம் வகுப்பிலிருந்து எங்கள் இருவருக்கும் நண்பன். ஜனவரி 19 மலைச் சைக்கிள் சவாரிக்கு மீண்டும் பெயர் கொடுத்துவிட்டானாம்.

கோமுகி அணையருகே அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட வேண்டும். வெள்ளிமலைக்கு ஐந்து ஏற்றம், இடையில் நான்கு இறக்கம். ஐந்தாவது ஏற்றம் மாலை ஆறு மணிக்குள் முடிய வேண்டும். அடிவாரத்திலும் உச்சியிலும் மட்டுமே உணவும் நீரும் பெறலாம். வழியில் பிறர் உதவி பெற்றால் தகுதி இல்லை.

சென்ற ஆண்டு உச்சியில் நேரம் குறிப்பவனாக என்னை அமர்த்தியிருந்தார்கள். ராஜதுரையின் அட்டையில் 6.11 என்று எழுதிக் கையெழுத்திட்டவன் நான்தான். சுபாஷ் அதை இன்னும் விடவில்லை.

"பதினோரு நிமிஷம். அத முழுங்கியிருந்தா ஒனக்கு இன்னாடா நஷ்டம், வக்கீலு?"

"உடு மச்சான், அவன் போட்டது சரிதான்" என்றான் ராஜதுரை, சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தபடி.

சரி என்று அவன் சொன்னதுதான் ஓராண்டாக உறுத்துகிறது. கோபித்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னான். இம்முறையும் முடியாவிட்டால் சைக்கிளை விட்டுவிடுவதாக மனைவி மகேஸ்வரியிடம் வாக்குக் கொடுத்திருக்கிறான். நாற்பத்தேழு வயது, ஒரு முழங்காலில் வீக்கம். அந்த அம்மாள் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

17 டிசம்பர், செவ்வாய்

சென்ற ஆண்டுத் தாமதத்தின் காரணத்தை எழுதி வைக்கிறேன். வழியில் உள்ள நான்கு மலையூர்களிலும் அவனுக்குச் சொந்தம் உண்டு. நம் பிள்ளை சாதிக்கப் போகிறான் என்று ஒவ்வோர் ஊரிலும் நிறுத்தி ஆரத்தி, மாலை, பொன்னாடை, புகைப்படம். ஓர் ஊருக்கு எட்டு நிமிடம் என்று வைத்தாலும் முப்பத்திரண்டு. வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. வருமா? எனக்கே வந்திருக்காது.

22 டிசம்பர், ஞாயிறு

மலைக்குப் போய்வந்தேன். ஐந்து விதிகள் கொண்ட அறிவிப்பு ஒன்றை எழுதி, நகல் எடுத்து, ஊருக்கு ஒன்றாகக் கொண்டுபோனேன். வழியை மறிக்கக்கூடாது. சைக்கிளையோ ஓட்டுபவரையோ தொடக்கூடாது. சாலையில் ஆரத்தி நீர் ஊற்றக்கூடாது. உணவோ நீரோ தரக்கூடாது. கைதட்டலாம், கூவலாம், அதற்கு வரம்பு இல்லை.

மூன்று ஊர்களில் முணுமுணுத்தாலும் ஒப்புக்கொண்டார்கள். நான்காவது அவனுடைய சொந்த ஊர். அக்கா பொன்னாயி தாளை வாங்கிக்கொள்ளவே இல்லை. களத்தில் சாமையைப் புடைத்தபடியே கேட்டார்.

"நீங்க எழுதிக்கினு வந்துட்டா ஆச்சுங்களா? எந்தம்பி வூட்டு வாசல்ல போறான். ஒரு வாய்த் தண்ணி குடுக்காம பாத்துக்கினு நிக்கறதுங்களா?"

"கொடுத்தால் அவன் தோற்றுப்போவான், அக்கா."

"தண்ணி குடுத்தா தோத்துடுவானாம்! இன்னா போட்டிங்க இது? யாரு கண்டுபுடிச்சது?"

பக்கத்திலிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஊர்ப் பெரியவர் மாயவன் மட்டும் ஒன்று கேட்டார்: "தொடல. மறிக்கல. பின்னாடியே நடந்து வந்தா குத்தமுங்களா?"

விதிப்புத்தகத்தில் அதைப் பற்றி எதுவும் இல்லை. இல்லை என்பதாலேயே அனுமதி என்று சொல்லிவிட நான் துணியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

3 ஜனவரி 2025, வெள்ளி

சவாரிச் சங்கத்திலிருந்து எழுத்துமூலம் பதில் வந்தது: பத்தடி பின்னால் நடந்து வர ஆட்சேபம் இல்லை. நகலைக் கச்சிராயபாளையம் பேருந்தில் மாயவனுக்குக் கொடுத்தனுப்பினேன்.

12 ஜனவரி, ஞாயிறு

ராஜதுரை இரண்டு ஏற்றம் ஓட்டிப் பார்த்தான். முழங்கால் வலித்ததா என்று கேட்டேன். "வலிச்சிது. ஜாஸ்தி இல்ல" என்றான். சாட்சிக்கூண்டில் இப்படிச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

18 ஜனவரி, சனி

ஆலையில் அரவைப் பருவம்; ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்துவிட்டான். இந்த ஆண்டும் எனக்கே வந்த நேரம் குறிக்கும் பொறுப்பை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று நேற்றுச் சங்கத்துக்கு எழுதலாமா என நினைத்தேன். அதை அவனிடம் சொன்னபோது முகம் மாறியது.

"நீ இல்லாங்காட்டி நான் ஏறி இன்னாடா பிரயோஜனம்? நீ போட்டாதான் அது கையெழுத்து."

19 ஜனவரி, ஞாயிறு

வரிசையாகச் சொல்ல முயல்கிறேன்.

முதல் ஏற்றம் 6.05. இரண்டாவது 8.40. மூன்றாவது 11.20. ஒவ்வொரு முறையும் மகேஸ்வரி கொடுத்த கூழைக் குடித்துவிட்டு இறங்கினான். நான்கு ஊர்களும் சாலையோரம் நின்று கூவுவதாகவும், ஒருவர்கூட நிறுத்தவில்லை என்றும் ஸ்கூட்டரில் போய்வந்துகொண்டிருந்த சுபாஷ் சொன்னான். நான்காவது ஏற்றம் 2.06. முகம் சாம்பல் பூத்திருந்தது. கண்ணைப் பார்க்காமல் அட்டையை நீட்டினான்.

4.40 மணிக்கு சுபாஷ் மட்டும் வந்தான்.

"உக்காந்துட்டான்டா. காலு இழுத்துக்கிச்சு. அவுங்க ஊருக்குக் கீழ வளைவுல. இன்னும் மூணு கிலோமீட்டர் இருக்குது."

"யாராவது தொட்டார்களா?"

"அடப்பாவி, அதாடா கேக்கற இப்ப? ஒருத்தரும் தொடல. பொன்னாயி அக்கா கையில சொம்போட நின்னு அழுவுது. ரெண்டு கையையும் கட்டிக்கினு நிக்குதுங்க எல்லாம். பாக்க முடியல. சங்கத்துக் கார எடுத்துக்கினு போயி ஏத்திக்கினு வந்துடலாமா?"

காரில் ஏற்றினால் எல்லாம் முடிந்தது. ஏற்றாவிட்டால் அந்தக் கால் என்னவாகும்? அந்த விதிகளை எழுதியவன் நான். ஒரு மனிதனைத் தெருவில் உட்காரவைத்துச் சுற்றி நிற்கும்படி ஊரைக் கட்டிப்போட்டவன் நான். மகேஸ்வரியைப் பார்த்தேன். இந்தச் சைக்கிளை வேண்டாம் என்றவர் அவர்தானே — ஒரு சொல் சொன்னால் போதும்.

அவர் எழுந்து கூழ்ப் பாத்திரத்தை மூடினார். "முடியலனு அவரு வாயால சொன்னா ஏத்திக்கினு வாங்கண்ணா. சொல்லலனா காரு அங்க போவக் கூடாது."

சுபாஷ் போய்விட்டான். அதன்பின் ஒரு மணி நேரம் செய்தி இல்லை. அந்தப் பகுதியில் செல்பேசியும் எடுக்காது. மேசையை விட்டு எழ எனக்கு உரிமை இல்லை. மற்ற ஓட்டுநர்கள் வந்தார்கள், குறித்தேன், கையெழுத்திட்டேன்.

5.44. வளைவில் கூட்டம் தெரிந்தது. சாலை முழுவதும் ஆட்கள் — நூறு பேர் இருக்கும். சைக்கிளைக் காணவில்லை. மறித்துவிட்டார்கள், தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்றே நினைத்தேன். பாவிங்களா, இன்னும் கொஞ்ச தூரம்தானேடா! வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலும். மகேஸ்வரி திரும்பிப் பார்த்தார்.

வளைவு நேரானதும் தெரிந்தது. அவன் முன்னால் தனியாக வந்துகொண்டிருந்தான். இருக்கையில் உட்காராமல், மிதிக்கு ஒரு முறை உடலைச் சாய்த்துச் சாய்த்து, நடப்பவனைவிட மெதுவாக. பின்னால் பத்தடி விட்டு நான்கு ஊர். முன்வரிசையில் மாயவன் கையைப் பக்கவாட்டில் நீட்டி, யாரும் தாண்டாதபடி அந்த இடைவெளியைக் காத்துக்கொண்டு வந்தார். யாரும் கூவவில்லை. அத்தனை கால்கள் நடக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

கோட்டைக் கடந்து சைக்கிளோடு சாய்ந்தான். அவனாகவே எழுந்து ஏறினான், ஒரு கையும் படவில்லை என்றார் மாயவன். அட்டையை நானே அவன் சட்டைப்பையிலிருந்து எடுத்தேன். 5.51. எழுதினேன்.

"அம்பதுனு போடேன்டா. முழு நம்பரா பாக்க நல்லா இருக்கும்" என்றான் கூட்டத்தோடு வந்த சுபாஷ், மூக்கைத் துடைத்துக்கொண்டே.

ராஜதுரை கீழே கிடந்தபடி சிரித்தான். அதற்குள் பொன்னாயி அக்கா எல்லோரையும் தள்ளிக்கொண்டு வந்து சொம்பை அவன் வாயில் வைத்துவிட்டு என்னை முறைத்தார்.

"இப்ப குடுக்கலாமுங்களா? இல்ல அதுக்கும் ஒரு கடுதாசி வரணுமா?"

20 ஜனவரி, திங்கள்

நீதிமன்றத்தில் இன்று எவ்வளவு பேரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. இரண்டாவது முறையாகக் கேட்ட என் குமாஸ்தா, "சார், காலையிலயே சொன்னீங்க" என்றார்.

மாலையில் ராஜதுரையின் வீட்டுக்குப் போனேன். கால் கட்டிலில், ஒத்தடம் நடக்கிறது. மகேஸ்வரி சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். விற்பதற்கா என்று கேட்கத் தயங்கினேன். அவரே சொன்னார்: "சேறு காஞ்சுபோனா அப்பறம் போவாதுண்ணா. அடுத்த வாட்டிக்கு வேணும் இல்ல?"

11 பிப்ரவரி, செவ்வாய்

கட்சிக்காரர் ஒருவரின் நிலத்தகராறு தொடர்பாக மூங்கில்துறைப்பட்டு சென்றேன். ஆலை வாசலில் கரும்பு டிராக்டர்கள் நீண்ட வரிசையில் நின்றன. தேநீர்க் கடையில் இரு ஓட்டுநர்கள். ராஜதுரை ஷிப்ட் முடிந்து, லேசாக நொண்டியபடி சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியே வந்தான். என்னைக் கவனிக்கவில்லை. ஓட்டுநர்களில் ஒருவர் மற்றவரை இடித்தார்.

"தோ போறாரு பாரு, அவருதான். நம்ம கல்ராயன் மலைய ஒரே நாள்ல பத்து வாட்டி ஏறினவரு."

"பத்து வாட்டியா? சும்மா உடாத."

அந்த ஓட்டுநர் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க கள்ளக்குறிச்சி தானே? கேள்விப்பட்டிருப்பீங்க, சொல்லுங்க சார்."

நான் கையெழுத்திட்ட அட்டையில் இருப்பது ஐந்து முறை. ஐந்தாவது 5.51க்கு.

"ஆமாம், நான் பார்த்தேன்" என்றேன்.