அவள் குடித்தாள், நான் வாந்தி எடுத்தேன்

ரியோ பிராங்கோ,
ஞாயிறு மாலை

அன்பு மகள் ஜனைனாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். இந்த முறை வழக்கத்துக்காக எழுதும் வரி இல்லை அது. போர்ட்டோ ஊர்க் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

அம்மா யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்தே நாளை ஓட்டியதும், எந்த மாத்திரைக்கும் குணமாகாததும் உனக்குத் தெரியும். மனச்சோர்வுக்குக் காட்டுக் கொடிக் கஷாயம் கொடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சிக்கு ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். உன் மாமா அடெர்பால் கோயிலில் பாடிக்கொண்டே குடிக்கிறாரே, அதேதான். பாதிப் பேருக்கு அசல், மீதிப் பேருக்கு அதே நிறத்தில் கசப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. வேதியியல் வாத்தியாராக அந்த ஒழுங்கை மெச்சினேன். என்னைத் தலைமையாசிரியர் ஆக்காத பள்ளிக்கூடக் கும்பலுக்கு இதெல்லாம் வராது. குடித்தவர் வாந்தி எடுத்தால் இங்கே ‘கழுவல்’ என்பார்கள், நல்ல அறிகுறியாம். அம்மா எடுக்கவே இல்லை. கண்ணை மூடிக் கிடந்தாள், கன்னத்தில் மட்டும் ஈரம். வெறும் தண்ணீரைக் கொடுத்துவிட்டார்கள், இதுவும் போயிற்று என்று நினைத்து ஆத்திரத்தோடு வெளியே வந்தேன். தாழ்வாரத்தில், நர்ஸின் செருப்பு மேலேயே வாந்தி எடுத்துவிட்டேன். அதைப் பார்க்கவென்றே வந்து நின்றார் உன் மாமா. கல்யாணத்தன்றே என் படிப்பைக் கேலி செய்தவர், சும்மா விடுவாரா? மறுநாள் வீட்டு வாசலிலேயே அம்மாவிடம் ஆரம்பித்தார்: “சுலெய்டி, குடிச்சது நீ, கழுவுனது மாப்ள! அத்தனை வருஷக் கோபம்ல, நர்ஸு செருப்பு தாங்குமா?” நான் கதவைச் சாத்தப் போனேன். பின்னால் ஒரு சத்தம். இருமுகிறாள் என்று திரும்பினால், சிரிக்கிறாள்! மேசையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க.

அன்றிலிருந்து எனக்குத் திட்டுதான். “பீன்ஸை உப்புல குளிப்பாட்டினீங்களா?” என்கிறாள். என்னைக் கேட்காமல் மாமாவை இன்று சாப்பிடக் கூப்பிட்டு, “உங்க சண்டைய வராந்தாவுல வச்சுட்டு உள்ள வாங்க” என்றாள். அவரை நான் மன்னிக்கவில்லை, தப்பாக நினைக்காதே. ஆனால் கோழித் தொடையை அவர் தட்டில் நான்தான் வைத்தேன். இது நிலைக்குமா என்று பொறுத்துத்தான் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். குடித்தது எது என்பது ஆராய்ச்சி முடிந்தால்தான் அவருக்கே தெரியுமாம். அப்போதும் எனக்குச் சொல்ல வேண்டாம் என்றுவிட்டேன். நீ அங்கே நண்பர்கள் நீட்டுவதையெல்லாம் குடித்துவைக்காதே. அம்மாவுக்கு இதயம் வரை சோதித்த பிறகுதான் கொடுத்தார்கள்.

கடவுள் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும். போனை அணைத்துவைக்காதே. “அவ எடுக்கட்டும், இருக்கு அவளுக்கு” என்று அம்மா காத்திருக்கிறாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் முழுவதையும் வாங்கிக்கொள், மகளே. அம்மா திட்டுகிறாள்!

உன் அப்பா,
வால்மிர்