டீச்சர் படத்துக்கு முன்னால் ஒரு கோள்

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், என் முழங்கால் மட்டும் சுகமில்லை, அதை விடு. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பச் சொல்கிறாள் அம்மா, நம்புகிறேன். லீவு கிடைக்கவில்லை, இந்த வருஷமும் வர முடியாது என்று எழுதியிருந்தாயே, அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

போன வருஷம் இறந்துபோன உன் மூன்றாம் வகுப்பு டீச்சர் பெயரில் உதவித்தொகை கொடுக்கும் விழா ஒருவழியாக நடந்து முடிந்தது. கமிட்டித் தலைவர், அதான் நம் எதிர்வீட்டு வங்கி மேனேஜர், முதல் மார்க் வாங்கிய பிள்ளைக்குத்தான் என்று ஒற்றைக்காலில் நின்றார். முதல் மார்க் யார்? அவர் பேத்தி! கமிட்டியில் நானும் ஒருவன் ஆயிற்றே, சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. டீச்சர் என்னைக்கு சார் மார்க்கைப் பார்த்தாங்க, அவங்க வகுப்புல யாரும் யாரைப் பத்தியும் கோள் சொல்லலாம், ஆனா செஞ்ச நல்லதை மட்டும்தான் சொல்லணும், அதே மாதிரி தேர்ந்தெடுப்போம்னு பிடிவாதம் பிடித்தேன். பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டோம். அடேயப்பா, கடைசி பெஞ்சு வாயாடி ஒருத்தி மேல்தான் பாதிக் கோள்! மேனேஜர் பேத்தியும் வந்தாள். தாத்தா உட்கார்ந்திருப்பதையே மறந்து, பரீட்சை பயத்துல நான் வாந்தி எடுத்தப்ப அவதான் என் பாவாடையைக் கழுவி விட்டா, யார்கிட்டயும் சொல்லலைன்னு போட்டுடைத்தாள். தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். வாயாடிக்கே கொடுத்தோம்.

இனி உன் கதை. உதவித்தொகைக்குப் பணம் கொடுத்தவர் தன் பெயரை வெளியே சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். பொருளாளர் யார், உன்னோடு படித்த மருந்துக்கடைக்காரன்! அவன் வயிற்றில் என்றைக்கு ரகசியம் தங்கியது? விழா அன்று காலையில் என்னிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். நேரே மேடையேறினேன். பஸ் கண்டக்டர் தொண்டைக்கு மைக் எதற்கு? டீச்சர் படத்தைப் பார்த்து, டீச்சர், ஒரு கோள், ஊருக்கு வர டிக்கெட்டுக்குச் சேர்த்த காசை என் மக உங்க பேருக்குக் கொடுத்துட்டு எங்ககிட்ட லீவு கிடைக்கலைன்னு புளுகியிருக்கான்னு கத்தினேன். எல்லாரும் கைதட்டினார்கள். அம்மா அழுதாள், அழுதுகொண்டே உன்னைத் திட்டினாள்.

நல்லா இரு கண்ணு, நோய்நொடி இல்லாமல் இரு. இதோடு டிக்கெட் அனுப்பியிருக்கிறேன். லீவு கிடைக்கவில்லை என்றால் உன் அதிகாரியின் நம்பரை அனுப்பு, அவரிடமும் உன்னைப் பற்றிக் கோள் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
உன்னைப் பார்க்காமல் தவிக்கும்
கோள்மூட்டி அப்பா