பாதம் எழாத குதிப்பு

அன்பு மகளுக்கு,

நான் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். என் நலம் இப்போது ஊருக்கே தெரியும் என்பது பிறகுதான் உறைத்தது. அதனால் உன் நலத்தை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அங்கே குளிர் குறைந்ததா? உன் இருமல் நின்றதா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் போனது வீட்டுக்குள் நிற்பதில்லை என்று கற்றுக்கொண்டேன். வீங்கிய கையால்தான் எழுதுகிறேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

நீ அனுப்பிய அந்தக் குதிக்கும் வலையை, டிராம்போலினை, குறை சொல்ல மாட்டேன். பெட்டியைப் பிரித்தபோது, இந்த வயதில் தாயைக் குரங்காட்டம் ஆடச் சொல்கிறாளே என்று உன்னைத் திட்டினேன். பிசியோதெரபிப் பெண்தான் விளக்கினாள். ஆபரேஷனில் அக்குளிலிருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டதால், நீர் போக வழியில்லாமல் கையில் தேங்குகிறதாம். உடம்பு மெல்ல ஏறி இறங்கினால் அது நகருமாம். “குதிக்கவே கூடாதும்மா. பாதம் துணியை விட்டு எழக் கூடாது, சும்மா அசைஞ்சா போதும்” என்றாள். கையை இறுக்கிப் பிடிக்கும் அந்த உறையை மாட்டிக்கொண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி காலையும் மாலையும் கொஞ்ச நேரம் அசைந்தேன். கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்து, மாடியில் குதிரை ஏதாவது கட்டியிருக்கிறீர்களா என்று கேட்டார். கை வீக்கத்துக்கு வைத்தியம் என்று சொல்லி அனுப்பினேன்.

தையல் கடையிலும் அதையேதான் சொல்லியிருந்தேன். கை வீக்கம், அவ்வளவுதான். தைக்க ஆயிரம் பேர் கிடைப்பார்கள், துணி வெட்டத் தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான் என்பது உனக்கே தெரியும். கட்டைவிரல் கத்தரியின் வளையத்துக்குள் நுழையாமல் போனதும் முதலாளியம்மாவே வெட்ட ஆரம்பித்தாள். வீக்கம் வடியட்டும், அதுவரை வெட்டுமேசை உங்களுடையதுதான் என்று வாக்கும் கொடுத்தாள். அந்த மேசைக்காகத்தான் நான் ஆடினேன். அளவு டேப்பைக் கையில் சுற்றிச் சுற்றிப் பார்ப்பேன். சாண் ஏறினால் முழம் சறுக்கும். ஆனாலும் விடவில்லை.

ஒழுங்காகச் செய்கிறேனா என்று பார்க்க வீடியோ அனுப்பச் சொன்னாய். பெற்ற மகள்தானே பார்க்கப் போகிறாள் என்று நைட்டியோடு நின்றேன். மார்பை எடுத்த பக்கத்தில் பஞ்சு மட்டும் வைத்தால் மேலே ஏறிவிடுகிறதென்று, எடைக்குக் கொஞ்சம் அரிசியும் சேர்த்து நானே தைத்த திண்டு ஒன்று உண்டு. அதை ரவிக்கைக்குள் வைக்காமல் நான் வாசற்படி தாண்டியதில்லை. அன்றைக்கு அது கட்டிலில் கிடந்தது. வீடியோவில் ஒரு பக்கம் அசைகிறது, மறுபக்கம் பலகை மாதிரி இருக்கிறது. அதற்கு நீ பாட்டு வேறு போட்டு, ‘புற்றுநோயை வென்ற என் அம்மா’ என்று எழுதி உலகத்துக்கே காட்டிவிட்டாய். எத்தனை பேர் பாராட்டியிருக்கிறார்கள் என்று என்னிடமே சந்தோஷமாகச் சொன்னாய். உன் எண்ணம் கெட்டது இல்லை. ஆனால் அது என் உடம்பு. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

போன வாரம் கட்டைவிரல் கத்தரிக்குள் நுழைந்தது. பழைய செய்தித்தாளை வெட்டிப் பார்த்தேன். கோடு பிசகவில்லை. அழுகையே வந்துவிட்டது. அந்த வேகத்தில் கடைக்கு ஓடினால், மேசையில் வேறொருத்தி நிற்கிறாள். முதலாளியம்மா என் தோளைத் தடவி, “இவ்வளவு பெரிய நோயின்னு சொல்லவே இல்லையேக்கா. நீங்க உட்கார்ந்து பட்டன் மட்டும் தைங்க” என்றாள். கை வீக்கத்துக்குக் காத்திருந்தவள் புற்றுநோய்க்குக் காத்திருக்கவில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். அளவு கொடுக்க வருகிறவர்கள் இப்போது முதலில் என் நெஞ்சைப் பார்க்கிறார்கள், அப்புறம்தான் முகத்தை. ஒருத்தி என்னைப் பார்த்து அழுதே விட்டாள். நான்தான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்துத் தேற்றினேன்.

அந்த வீடியோவை எடுத்துவிடட்டுமா என்று நேற்று கேட்டிருந்தாய். எடுத்துவிடு. பார்த்தவர்கள் கண்ணிலிருந்து எடுக்க உன்னால் முடியாது.

பயிற்சியை நான் விடவில்லை. பட்டன் தைக்க இவ்வளவு பாடு தேவையில்லைதான். ஆனால் கை என்னுடையது.

ஆபரேஷனுக்கு உனக்கு லீவு கிடைக்கவில்லை. அதற்குப் பிறகும் கிடைக்கவில்லை. அதை நான் இதுவரை கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை. ஊரே பார்த்துவிட்ட அந்தப் பக்கத்தை நீ இன்னும் நேரில் பார்க்கவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

நோய்நொடி எதுவும் உன்னை அண்டாமல் நீ நூறு வயது இருக்க வேண்டும். முடிந்தால் ஒரு தடவை வா. போனை வெளியே வைத்துவிட்டு உள்ளே வா. கதவைச் சாத்திக்கொண்டு உனக்கு மட்டும் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா