கிணற்றுப் பணமும் மகாராசாவின் படையும்

4 நவம்பர் 1962

இன்று நாலு சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டினேன். என் சொந்த சைக்கிள் பஞ்சராகிப் பத்து நாளாச்சு, கடைக்காரனுக்கு நேரமில்லையாம்.

சாயங்காலம் கிறிஸ்துராஜ் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பஞ்சாயத்து போர்டில் அவர் கீழத்தெரு மெம்பர், நான் வடக்குத்தெரு மெம்பர். எட்டாம் வகுப்போடு நின்றவனைத் தெரு ஏன் தேர்ந்தெடுத்தது? காற்றடிக்கும் பம்பை ஓசியில் கொடுக்கிறேனே, அதற்காக இருக்கும்.

ஊர்க்கிணற்றை ஆழப்படுத்த மூவாயிரம் ரூபாய் போர்டில் சேர்ந்துவிட்டது. பாறைக்கு வெடி வைக்க வேடசந்தூரில் ஆள் பேசியாச்சு. வருகிற கோடையில் நீ ஜமீன் தோட்டத்துக்குக் குடம் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டாம் என்று மாயம்மாளிடம் சொன்னேன்.

"தண்ணியப் பாத்தப்பறம் நம்புறேன்" என்றாள். இருபத்திரண்டு வருசக் குடித்தனத்தில் நான் சம்பாதித்த மரியாதை இது.

23 நவம்பர்

சீனாக்காரன் சண்டையை நிறுத்திவிட்டான் என்று ரேடியோவில் சொன்னார்கள். எங்கள் போர்டுத் தலைவர்தான் இன்னும் நிறுத்தவில்லை.

தலைவர் என்றால் பழைய ஜமீன்தார். சர்க்கார் ஜமீனை ஒழித்து எத்தனையோ வருசம் ஆகிவிட்டது. ஊர் வாயில் அவர் இன்னும் மகாராசாதான். போட்டியில்லாமல் தலைவரானவர். யார் போய்ப் போட்டி போடுவது? அவருக்கு இப்போது ஊர்க்காவல் படை வேண்டுமாம். பத்துப் பேர், காக்கி உடுப்பு, பூட்ஸ், தடி, மாசச் சம்பளம். எல்லாம் கிணற்றுப் பணத்தில்.

"சீனாக்காரன் நம்மூருக்கு எந்த பஸ்ஸுல வாரானாம்?" என்று கேட்டார் கிறிஸ்துராஜ். என் கடையில் வைத்துத்தான் கேட்டார். கூட்டம் நடக்கிற ஜமீன் பங்களாவில் கேட்கவில்லை.

தலைவர் போக எட்டு மெம்பரில் ஆறு பேர் எதிர்ப்பது என்று பேசி முடித்தோம். மகாராசாவுக்குச் சொந்தக்காரர்கள் இரண்டு பேர், அவர்கள் போகட்டும். டீ என் செலவு.

9 டிசம்பர்

மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

கூட்டம் வழக்கம்போல ஜமீன் பங்களாவில். கிளார்க்கு சின்னக்கண்ணு தீர்மானத்தை வாசித்து, "ஆதரிக்கிறவங்க எந்திரிச்சு நிக்கலாம், மத்தவங்க உக்காந்திருக்கலாம்" என்றார். சொந்தக்காரர்கள் இருவரும் எழுந்தார்கள். மற்ற யாரும் அசையவில்லை. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

அப்போது மகாராசா கைத்தடியை ஊன்றி நாற்காலியிலிருந்து எழுந்தார்.

அவ்வளவுதான். அவர் நிற்க நாங்கள் உட்கார்ந்திருப்பதா? எழுந்துவிட்டோம். தோள் துண்டு தானாகக் கக்கத்துக்குப் போனது. நான் யோசிப்பதற்குள் என் முழங்கால் ஓட்டுப் போட்டுவிட்டது. சின்னக்கண்ணு தலை நிமிராமல் எழுதினார்: ஆதரவு ஏழு, எதிர்ப்பு ஒன்று.

அந்த ஒன்று லூர்தம்மாள். பெண்களுக்கான இடத்தில் வந்த ஒரே பெண் மெம்பர், எங்கள் தெருக்காரி. வெளியே வந்ததும் கேட்டாள்: "ஏண்ணே, அம்புட்டுப் பேரு நாக்காலிலயும் ஆணியா இருந்துச்சு?"

10 டிசம்பர்

மாயம்மாள் ஜமீன் தோட்டத்துக்குத் தூக்கும் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்து வைத்தாள். கேட்டுத் திட்டியிருந்தால் தேவலை.

20 ஜனவரி 1963

தீர்மானத்தை மறுபடி எடுக்க வேண்டும் என்று ஆறு பேரும் கையெழுத்துப் போட்டுக் கேட்டோம். மகாராசா கூட்டமே கூட்டவில்லை. யூனியன் ஆபீசில் போய்ச் சொன்னால், தலைவர்தான் கூட்டணும் என்கிறார்கள். கூட்டாத தலைவரை என்ன செய்வது? அதற்கும் தலைவர்தான் கூட்டணுமாம்.

இதற்குள் படைக்கு ஆள் எடுத்துவிட்டார்கள். அதில் ஒருத்தன் என் மகன் உடையப்பன். எஸ்.எஸ்.எல்.சி.யில் இரண்டு தடவை தவறியவன், மில் கேட்டில் ஒரு வருசம் காத்துக் கிடந்தவன்.

"ஏலே, கெணத்துக் காசுலதாண்டா ஒனக்குச் சட்டை."

"அந்தக் கெணத்துல எனக்கு வேலை இருந்துச்சாய்யா?"

காக்கியில் லட்சணமாகத்தான் இருந்தான். எனக்குப் பெருமையா இருந்துச்சு. அதையும் எழுதித் தொலைக்கிறேன்.

17 மார்ச்

ஒருவழியாகக் கூட்டம் கூட்டினார். படை அடுத்த வருசமும் நீடிக்கணும், அதற்கு வீட்டுவரியைக் கூட்டணும். தீர்மானம் அது.

இந்தத் தடவை யாரும் எழுவதில்லை என்று சத்தியம் செய்துகொண்டு போனோம். நான் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மகாராசா எழுந்தார். நாங்கள் எழவில்லை. ஆறு பேரும் உட்கார்ந்தே இருந்தோம்! என் அப்பன் பார்த்திருந்தால் செத்துப்போயிருப்பான், ஏற்கெனவே சாகாமல் இருந்திருந்தால்.

மகாராசா எங்களைப் பார்க்கவே இல்லை. கதவோரம் தடியோடு நின்ற உடையப்பனைப் பார்த்தார். அவன் என் பின்னால் வந்து குனிந்தான்.

"அய்யா, எந்திரிங்க. என் வேலை போயிரும்."

போன தடவை பழக்கத்தில் எழுந்தேன். இன்று தெரிந்தே எழுந்தேன். என்னைப் பார்த்துக் கிறிஸ்துராஜ். அப்புறம் ஒவ்வொருத்தராக.

லூர்தம்மாள் மட்டும் இன்றும் எழவில்லை.

28 ஏப்ரல்

ஊர்க்கிணறு வற்றிவிட்டது. சேறுதான் வருகிறது. வருசா வருசம் போல எல்லாரும் ஜமீன் தோட்டத்துக் கிணற்றுக்குப் போனார்கள். இந்த வருசம் அங்கே படை நிற்கிறது. தென்னங்கன்றுக்கே தண்ணீர் பத்தவில்லையாம், ஊரார் இறங்கக்கூடாதாம்.

மாயம்மாளை மறித்தவன் உடையப்பன். தடியைக் குறுக்கே வைத்துக்கொண்டு, "போயிருங்கம்மா, பங்களா மாடியில இருந்து பாக்குறாக" என்றானாம். முகத்தைப் பார்க்கவில்லையாம்.

வெறுங்குடத்தை இறக்கி வைத்தாள். "ஒங்க மகன் நல்லா வேலை பாக்குறான்" என்றாள்.

நான் சிரிக்கப் பார்த்தேன். வரலை.

2 மே

லூர்தம்மாள் பேத்திக்கு வயிற்றுப்போக்கு. சேற்றுத் தண்ணீரைக் காய்ச்சித்தான் கொடுக்கிறார்கள்.

11 மே

படைக்காரர் வீட்டுக்கு மட்டும் விடிகாலையில் இரண்டு குடம் எடுத்துக்கொள்ளலாம் என்று மகாராசா உத்தரவு. உடையப்பன் கொண்டுவந்து வைக்கிறான். முதல் நாள் மாயம்மாள் தொடவில்லை. மறுநாள் உலை வைத்தாள். நானும் குடித்தேன். நல்ல தண்ணீர், கல்கண்டாட்டம்.

குடங்களை அடுப்படியில் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறாள். தெருவுக்குத் தெரியாதா என்ன?

இன்று மத்தியானம் லூர்தம்மாள் சொம்போடு கடைக்கு வந்தாள். "பிள்ளைக்கு மட்டும், அண்ணே."

இல்லை என்றேன். பொய் தடங்கலில்லாமல் வந்தது.