தளேகாவ், இருபத்திரண்டாம் போர்ட்

ஜூலை 14, திங்கள்
விடாத தூறல். குடை ஆபீஸில், நான் தெருவில். செய்ய வேண்டியவை: தளேகாவ் ஃபேக்டரி நெட்வொர்க் ஸ்விட்சுகளின் அலர்ட் ரிப்போர்ட். தோசை மாவு. அழாமல் இருப்பது.

நேற்று கட்கி ஸ்டேஷனில் செல்வின் சொன்னது இன்னும் காதில். "மம்மி ஒத்துக்கமாட்டாங்க, கவி. சர்ச்ல பொண்ணு பாத்தாச்சு. நான் என்ன செய்றேன், சொல்லு." மூன்று வருஷப் பழக்கம், ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்தது.

அவன் அந்த ஃபேக்டரியில், நான் இங்கே திரை முன்னால். மத்தியானமானால் யாரும் தொடாத பழைய பிரிண்டரின் கேபிளை ஸ்விட்சின் 22-ஆம் போர்ட்டிலிருந்து பிடுங்கிச் செருகுவான். ஸ்விட்ச் தானாகவே எனக்குச் செய்தி அனுப்பும்: போர்ட் 22, லிங்க் டவுன். அர்த்தம்: சாப்டியா? டீம் லீட் மேகனாவுக்கு அது வெறும் கெட்டுப்போன கேபிள். எங்களுக்கு ஒரே சிரிப்பு.

இன்று வரவில்லை.

ஜூலை 16, புதன்
வந்தது! போர்ட் 22! சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவள் அப்படியே மூடிவிட்டேன். கடவுளே, மனசு மாறிட்டானா?

ஸ்விட்ச் சொல்லிவிட்டுப் போய்விடும், போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காது. பதில் வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்லும் வகையும் உண்டு. நாங்கள் அதைப் போடவில்லை. நான் பார்த்தது அவனுக்கு எப்படித் தெரியும்? வழக்கம்போல 'சாப்டேன்' என்று போனில் டைப் பண்ணி, அழித்து, மறுபடி டைப் பண்ணி, அனுப்பியே விட்டேன். வெட்கங்கெட்டவள்.

பதில் இல்லை. மாவு புளித்துவிட்டது.

ஜூலை 17, வியாழன்
அதிசயமாய் வெயில். மேகனா வந்து நின்றாள். "கவிதா, யே ட்வென்டி-டூ பஹுத் தங் கர்தா ஹை." தொல்லை தாங்கவில்லையாம், அந்த அலர்ட்டை நிறுத்தணுமாம். ஃபேக்டரியில் கேட்டுவிட்டுத்தான் நிறுத்தலாம். ஃபேக்டரி என்றால் செல்வின்.

கூப்பிட்டேன். அவன் தமிழ் அரைகுறை, 'ழ' வரவே வராது. ஆனாலும் என்னிடம் தமிழ்தான். சண்டை போட்டாலும் தட்டுத் தடுமாறித் தமிழ்தான்.

"செல்வின், நேத்து லிங்க் டவுன் வந்துச்சே. நீதானே?"

மிஷின் சத்தத்துக்கு நடுவே ஹிந்தியில் பதில்:

"எலெக்ட்ரீஷியன் னே நிகாலா தா, கவிதா ஜி. அலர்ட் பந்த் கர் தீஜியே."

எலெக்ட்ரீஷியன் பிடுங்கினானாம். நிறுத்திவிடணுமாம். ஜி! யாருக்குடா நான் ஜி?

மேகனா பக்கத்திலேயே நிற்கிறாள். நிறுத்தினேன். ஆயிற்று என்று அவனுக்குச் சொல்லணுமே.

"ஹோ கயா, செல்வின் ஜி," என்றேன்.