ஆயாம்மாவின் ஈர்ப்பு மையம்

டீச்சர், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பஸ்ஸில் நிற்க நேர்ந்தால் இன்னமும் கபடிக்காரி மாதிரி காலை அகட்டி, முட்டியை மடக்கித்தான் நிற்கிறேன். நேற்று காவிரிப் பாலத்தில் டிரைவர் போட்ட பிரேக்கில் ஆள்மேல் ஆள் விழுந்தார்கள். நான் அசையவில்லை. "யாரைப் பிடிக்கப் போறீங்கக்கா?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். உங்கள் நினைப்பு வந்ததும் சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று.

லால்குடியில் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுக் கபடி ஆடித் திரிந்தவள், ஸ்ரீரங்கத்துப் பள்ளியில் பெருக்கித் துடைக்க வந்தேன். என்னைப் பத்தாம் வகுப்புப் பாடத்துக்கு நடுவில் நிறுத்தியவர் நீங்கள். மைதானத்தில் நிமிர்ந்து நின்றேன். ஒல்லியாய் ஒரு பெண் தள்ளியதும் சாய்ந்தேன். குனிந்து, கால் அகட்டி நின்றேன். வகுப்பே முட்டிப் பார்த்தது, முடியவில்லை.

"ஆயாம்மாவோட ஈர்ப்பு மையம் இப்ப எங்க இறங்கியிருக்கு?" என்று பிள்ளைகளைக் கேட்டீர்கள்.

"இடுப்புக்குக் கீழ, மிஸ்."

"அதைச் சுத்தி வரதுக்கே ஆறு கெஜச் சேலையும் தீந்துபோவுதுடி," என்றேன். நீங்கள் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினீர்கள்.

ஒரு பிள்ளையின் அப்பா வந்து ஆபீசில் கத்தினார்: "ஆயாவைத் தள்ளி விளையாடவா ஃபீஸ் கட்டுறோம்?" யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. மறுநாளே உங்களை இரண்டாம் வகுப்புக்குத் தூக்கிப் போட்டார்கள். "விடுங்க ஆயாம்மா, அதுவும் பிள்ளைங்கதானே," என்றீர்கள். மைதானப் பக்கமே அப்புறம் வரவில்லை. அந்த இரண்டாம் வகுப்பிலிருந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். திரும்பவில்லை.

இப்போது கேளுங்கள் கூத்தை. போன வாரம் அதே பாடத்துக்காகப் பள்ளிக்கு விருது கொடுத்தார்கள். 'விளையாட்டில் அறிவியல்' என்று வாசலை அடைத்து பேனர். மேடையில் தள்ளுவதற்கு அதே நான்தான். சேலை மட்டும் புதிது. புதிதாக வந்த சார், எல்லாம் தன் மண்டையில் உதித்தது போல விளக்கினார். அன்றைக்குக் கத்தியவர் முன்வரிசையில் உட்கார்ந்து செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர் பேரை ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார்," என்றேன்.

"டைம் இல்லம்மா. நீங்க நல்லா நின்னீங்க, அது போதும்."

நிற்க எனக்கு முன்பே தெரியும் டீச்சர். ஏன் விழவில்லை என்று எனக்குச் சொன்னவர் நீங்கள் ஒருத்தர்தான். அது என்னோடு இருக்கிறது. அதற்கு யாரும் விருது வாங்க முடியாது.

நன்றியுரை முடிந்து கூட்டம் எழுந்தது. நான் போய் மைக்கைப் பிடித்தேன். உங்கள் பெயரை இனிஷியலோடு சொன்னேன். இரண்டாம் வகுப்புக்குத் தள்ளியதைச் சொன்னேன். தள்ளியவர்களையும் விடவில்லை. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மைக்செட்காரர் வந்து நின்றார். "நன்றியுரையோடயே ஒயரைக் கழட்டிட்டேனேக்கா."

மைக்கை அவர் கையில் கொடுத்தேன்.