யோசனை நோய்

ம்பாரே, ஹராரே
3 பிப்ரவரி 1996

எங்கள் வீட்டு மருமகள் ஃபுங்கைக்கு,

நீ நலமாக இருந்தால் நானும் நலம். நீ நலமாக இல்லை என்று கேள்விப்பட்டேன், அதனால் நானும் நலமாக இல்லை.

புஹேராவிலிருந்து வருகிற ஒவ்வொரு பஸ்ஸும் உன்னைப் பற்றி ஒரு செய்தியை இறக்கிவிட்டுப் போகிறது. துணைக்குப் படுக்க நான் ஏற்பாடு செய்த இரண்டு பெண்களையும் திருப்பி அனுப்பிவிட்டாயாம். என் தம்பி தவேங்வாவின் மண்மேடு இன்னும் அமரவில்லை, அதற்குள் வீட்டில் தன்னந்தனியாக! நான் விட்டு வந்த ரேடியோவைக் காஸ்மஸின் பிள்ளைகளுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாயாம். சாயங்காலம் தையல் மிஷினை மூடிவிட்டு முஹாச்சா மரத்தடியில் உட்காருகிறாயாம். கையில் கடலை உரிக்கிற வேலைகூட இல்லையாம். சும்மா உட்காருகிறாயாம்! தண்ணீருக்குப் போகிற பெண்கள் உனக்கு ஒரு வணக்கத்தை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறதாம்.

யோசனை நோய் எப்படித் தொடங்கும் என்று எனக்குத் தெரியும். முதலில் பேச்சு குறையும், பிறகு சாப்பாடு, பிறகு நெஞ்சு படபடக்கும். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுப்பார்கள், நம் வைத்தியன் ஒரு ஆட்டைக் கேட்பான், இரண்டுமே கேட்காது. உன் அப்பா உனக்கு 'யோசி' என்று அர்த்தம் வருகிற பெயரை வைத்தார் என்பதற்காக நாள் முழுக்க அதையே செய்துகொண்டிருப்பாயா?

ஆகஸ்டில் சடங்கு. தவேங்வாவின் கைத்தடியை நீ எடுத்துக் கொடுக்க வேண்டிய நாள். யார் கைக்குத் தடி போகிறதோ அவனுக்கு நீ மனைவி. என் சின்னத் தம்பி காஸ்மஸுக்கே கொடு. அவனுக்கு ஏற்கெனவே இரண்டு மனைவிகள், வீடு நிறையப் பிள்ளைகள். உன் மகள் ருத்தேண்டோவும் விடுதிப் பள்ளிக்குப் போய்விட்டாள், நீ யாரோடு இருப்பாய்? அந்தக் கலகலப்பில் உனக்கு நினைக்க நேரமே இருக்காது. எனக்கும் இதுதான் நடந்தது. நான் செத்தா போய்விட்டேன்?

உன் கணவனின் அக்கா,
உன் தேத்தே எஸ்னாத்

தம்பி மனைவி எனக்கும் மனைவி முறை என்று, 'என் பொண்டாட்டி' என்று உன்னை எப்போதும் கேலி செய்வேனே, இந்தத் தடவை அதற்கு மனம் வரவில்லை.


புஹேரா
22 பிப்ரவரி 1996

மதிப்புக்குரிய தேத்தே,

'நீங்கள் தூங்கியிருந்தால் நானும் தூங்கினேன்' என்று எழுதுவதுதான் நம் வழக்கம். கடிதத்தைப் பார்த்தால் நீங்கள் தூங்கினதாகத் தெரியவில்லை. ஆனால் நான் நன்றாகத் தூங்கினேன். மன்னியுங்கள்.

பெண்களை அனுப்பியது உண்மைதான். ஒருத்தி குறட்டை. இன்னொருத்தி, நான் புரண்டு படுத்தாலே எழுந்து உட்கார்ந்து "அழறீங்களாம்மா?" என்பாள். இல்லை என்றால் "அழுதுடுங்கம்மா" என்பாள். ஆமாம் என்றால் "அழாதீங்கம்மா" என்பாள். எனக்கு நிம்மதியாக அழக்கூட வழியில்லாமல் போயிற்று.

முதலில் என்னாலும் சும்மா உட்கார முடியவில்லை. மரத்தடியில் உட்கார்ந்த உடனே பானையில் ஏதோ தீய்கிற மாதிரி இருக்கும், ஆடு தோட்டத்தில் புகுந்த மாதிரி இருக்கும். எழுந்து ஓடிப் பார்த்தால் அடுப்பே அணைந்திருக்கும், ஆடு கட்டின இடத்தில் அசைபோட்டுக்கொண்டிருக்கும். வீட்டில் கூட்டம் இருந்தவரை வாசலிலேயே நின்ற நினைப்பெல்லாம் ஆள் போனதும் உள்ளே வந்துவிடுகிறது, தேத்தே. அதற்குப் பயந்துதான் மனசு ஆட்டைத் தேடுகிறது என்று கொஞ்ச நாளில் எனக்குப் புரிந்தது.

என்ன வந்தது என்று கேட்பீர்கள். உங்கள் தம்பி மேல் கோபம் வந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவரும் நானும் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. சாலையில் போகிறவனையாவது கூப்பிட்டுத் தட்டு வைப்பார். என்னோடு தனியாக இருக்க அவருக்கு என்ன பயம் என்று மரத்தைப் பார்த்துத் திட்டினேன். திட்டித் தீர்த்த பிறகு அவரே வந்தார். சுவர் பூசும்போது நாக்கைக் கடித்துக்கொள்வாரே, அந்த முகத்தோடு. அடக்கத்துக்கு வந்த கூட்டத்துக்கு நடுவில் அந்த முகம் எனக்கு ஒரு தடவைகூட ஞாபகம் வரவில்லை. இதை நோய் என்கிறீர்கள். நோயாகவே இருக்கட்டும், எனக்கு இது வேண்டும்.

காஸ்மஸ் தினமும் வருகிறார். வீட்டுத் தகரக் கூரையை அண்ணாந்து பார்த்தபடியே "நல்லாருக்கியா?" என்கிறார். என்னைக் கேட்கிறாரா கூரையைக் கேட்கிறாரா என்று தெரியாமல் நான் பதில் சொல்வதில்லை. அவருக்குத் தடியைக் கொடுக்க மாட்டேன்.

தனியாக இருக்கிறேன் என்று கவலைப்படாதீர்கள், ஒரு நாய்க்குட்டி வாங்கியிருக்கிறேன். பெயர் முச்சநேட்டா.

உங்கள் வீட்டு மருமகள்,
ஃபுங்கை


ம்பாரே
17 மார்ச் 1996

ஃபுங்கை,

'நீங்கதான் அலுத்துப்போவீங்க' என்றா நாய்க்குப் பெயர் வைப்பாய்? பக்கத்து வீட்டுக்காரனிடம் வாயால் சொல்ல முடியாததை நாயின் பெயரில் சொல்கிற ஊரில்தான் நானும் பிறந்தேன். எங்கள் அப்பா நாய்க்கு 'கடன்காரன்' என்று பெயர் வைத்துச் சித்தப்பாவை மூன்று வருஷம் எங்கள் வாசலுக்கே வராமல் செய்தவர். எனக்கு விளையாட்டுக் காட்டாதே.

காஸ்மஸ் இதற்காகவே பஸ் ஏறி வந்துவிட்டான். "அக்கா, நான் வேலியத் தாண்டினாப் போதும், முச்சநேட்டா, முச்சநேட்டான்னு ஊரே கேக்கக் கத்துறா. நாய் அவ காலடியிலயேதான் படுத்துக் கிடக்கு!" என்று கண்ணீர் விடாத குறை. என் கணவர் ஃபிலிமோன் தேநீர் புரையேறச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவன் போன பிறகு கொஞ்சம் சிரித்தேன்.

ஆனால் இது சிரிக்கிற விஷயம் இல்லை. தடியை அவனுக்குக் கொடுக்காவிட்டால் பெரியவர்கள் சேர்ந்து உன்னை உன் அப்பா வீட்டுக்கு அனுப்புவார்கள், அந்த வீட்டில் காஸ்மஸ் குடியேறுவான். நீயும் தவேங்வாவும் செங்கல் செங்கலாக எழுப்பின வீடு அது. அதை விட்டுவிட்டு எந்த மரத்தடியில் போய் யோசிப்பாய்?

ஈஸ்டருக்கு வருகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து புத்தி சொன்னால்தான் உனக்கு ஏறும்.

எஸ்னாத்


புஹேரா
20 ஏப்ரல் 1996

மதிப்புக்குரிய தேத்தே,

நீங்கள் நலம்தானா என்று இந்தத் தடவை உண்மையாகவே கேட்கிறேன்.

வந்தீர்கள், புத்தி சொன்னீர்கள், நானும் கேட்டுக்கொண்டேன். அன்றைக்கு நான் மாவு மில்லில் வரிசையில் மாட்டிக்கொண்டதால் ஒரு பிற்பகல் முழுக்க நீங்கள் வீட்டில் தனியாக இருந்தீர்கள். திரும்பி வந்தால் காலையில் நான் தேய்த்த பானைகளை எல்லாம் மறுபடி தேய்த்துக் கவிழ்த்திருந்தீர்கள். மெத்தை, போர்வை எல்லாம் வேலி மேல். சாலையில் போன பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, ஏறாமல், கண்டக்டரிடம் அவன் அம்மாவின் முழங்கால் வலியை விசாரித்தீர்களாம். பஸ்ஸில் இருந்தவர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். நான் வாசலுக்கு வந்தபோது நாயை எதிரில் உட்காரவைத்து, போன ஞாயிறு உங்கள் பாதிரியார் பேசினதை அதற்குச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "தேத்தே, யாருக்குப் பயந்து இப்படி ஓடுறீங்க?"

தட்டில் சட்ஸாக் களியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தீர்கள். விடிந்ததும் முதல் பஸ். என் வீட்டில் சாப்பிடாமல் எழுந்து போன முதல் ஆள் நீங்கள்தான். அந்த உருண்டையை நாய்க்குப் போட எனக்குக் கை வரவில்லை.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. உங்கள் மான் குலத்துப் பெண்கள் எவனுக்கும் அடங்க மாட்டார்கள் என்று எங்கள் வீட்டில் பயமுறுத்தித்தான் என்னை உங்கள் குடும்பத்துக்கு அனுப்பினார்கள். அந்தக் குலத்துப் பெண், ஒரு காலி வீட்டுக்கு ஏன் பயப்படுகிறீர்கள்? பதில் வேண்டும்.

ஃபுங்கை


ம்பாரே
9 ஜூன் 1996

ஃபுங்கை,

கேட்டாய் அல்லவா, வாங்கிக்கொள்.

என் முதல் கணவன் எனோக் இறந்தபோது நான் உன்னைவிடச் சின்னவள். பாயில் உட்காரவைத்து அவன் தடியைக் கையில் கொடுத்தார்கள். எதிரே அவன் தம்பிகள் வரிசையாக. ஓரத்தில் அவன் அக்கா. அவள் கையில் கொடுத்திருக்கலாம், முறை அதற்கு இடம் கொடுக்கிறது. கணவனின் அக்காள் தடியை வாங்கினால் விதவை தன் வீட்டிலேயே யாருக்கும் மனைவியாகாமல் இருக்கலாம். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் ஃபிலிமோன் பக்கம் கண்ணைக் காட்டினாள். கொடுத்துவிட்டேன்.

ஃபிலிமோன் கெட்டவர் இல்லை. அடித்ததில்லை, சம்பளத்தைக் குடித்ததில்லை. அதுதான் எனக்குக் கஷ்டம். கெட்டவராக இருந்திருந்தால் வாய்விட்டுத் திட்டியாவது இருப்பேன். தனியாக உட்கார்ந்தால் போதும், என் கை அந்தத் தடியோடு வேறு பக்கம் திரும்புகிறது. என் முகத்தோடே ஒருத்தி எழுந்து நடந்து போகிறாள். அவள் எங்கே போவாள், எந்த வீட்டில் இருப்பாள் என்று பின்னாலேயே போய்ப் பார்க்கத் தோன்றுகிறது. பார்த்து என்ன செய்ய? அதற்குள் ஃபிலிமோன் தேநீர் கேட்பார்.

அதனால்தான் இரண்டு அறை வீட்டில் வாடகைக்கு ஆள் வைத்திருக்கிறேன். அதனால்தான் விடிந்ததும் ரேடியோ. தெருவில் யார் வீட்டில் சண்டை என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்கிறேன். நீ இதை ஓட்டம் என்கிறாய். மழைக்குக் கூரை போடுகிறவனை ஓடுகிறான் என்பாயா? இந்தச் சத்தம்தான் என்னை இத்தனை வருஷம் நிமிர்ந்து நிற்க வைத்தது. எனக்கு இதில் வெட்கமே இல்லை.

சடங்குக்கு நான் வரவில்லை. அந்தப் பாயை இன்னொரு தடவை பார்க்க என்னால் முடியாது. காஸ்மஸுக்குக் கொடு, கொடுக்காமல் போ, என்னைக் கேட்காதே.

எஸ்னாத்


புஹேரா
1 ஜூலை 1996

என் தேத்தே,

உங்கள் கடிதத்தை மரத்தடியில் வைத்துப் படித்தேன். அன்று தவேங்வா நினைவுக்கு வரவில்லை. நீங்கள்தான் வந்தீர்கள், பாயில் உட்கார்ந்திருந்த அந்தச் சின்னப் பெண்ணாக. உங்கள் நாத்தனார் மேல் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் தபால்காரருக்கே கை சுடும்.

இனி உங்கள் சத்தத்தை ஓட்டம் என்று சொல்ல மாட்டேன். நீங்களும் என் மௌனத்தை நோய் என்று சொல்லாதீர்கள்.

ஆனால் நீங்கள் வந்தே ஆக வேண்டும். நான் தடியைக் கொடுக்கப் போவது உங்கள் கையில். நீங்கள் வராவிட்டால் அதை வாங்க எனக்கு வேறு ஆள் இல்லை. அப்போதும் காஸ்மஸுக்குக் கொடுக்க மாட்டேன். தடியைப் பிடித்துக்கொண்டு பாயிலேயே நிற்பேன். பெரியவர்கள் கத்தட்டும். சடங்குக்குக் காய்ச்சின பீர் புளிக்கட்டும். அப்பா வீட்டுக்குப் போ என்றால் தையல் மிஷினைத் தலையில் வைத்து நாயை இழுத்துக்கொண்டு போவேன், ஆனால் ஹராரே பஸ் வந்து காலியாகத் திரும்புகிறவரை நகர மாட்டேன்.

அந்த அக்காள் கண்ணைக் காட்டினாள். நீங்கள் கையை நீட்டுங்கள், தேத்தே. நான் கேட்பது அவ்வளவுதான்.

உங்கள்
ஃபுங்கை


ம்பாரே
2 செப்டம்பர் 1996

என் பொண்டாட்டி ஃபுங்கைக்கு,

நீ தூங்கியிருந்தால் நானும் தூங்கினேன். நீ தூங்கியிருப்பாய் என்று தெரியும், அந்த வீட்டில் உன்னை எழுப்ப இப்போது ஆள் இல்லை.

வீட்டுக்கு வந்து இத்தனை நாளாகியும் நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். காஸ்மஸ் இரண்டு கையையும் நீட்டி, முகத்தைக்கூடத் தயாராக வைத்திருந்தான். நீ அவனைத் தாண்டி, வேலியைத் தாண்டுகிற ஆடு மாதிரி நேராக என்னிடம் வந்தாய். வாங்குவதா வேண்டாமா என்று பஸ்ஸில் வழியெல்லாம் குழம்பிக்கொண்டு வந்தவள் நான். அந்த நேரத்தில் யோசிக்கவே இல்லை. என் கை முந்திக்கொண்டது.

"எஸ்னாத், திருப்பிக் குடுடி! பொம்பளைக்கு எதுக்குத் தடி?" என்று பெரியப்பா கத்தினாரே, "நாய் வெரட்ட" என்றேன். எந்த நாய் என்று நான் சொல்லவில்லை, காஸ்மஸ் ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டான் என்று எனக்குத் தெரியாது. "என் பொண்டாட்டி குடுத்தா, நான் வாங்குனேன், உங்களுக்கென்ன வந்துச்சு?" என்று கேட்டபோது என் குரலைக் கேட்டு எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

இப்போது குடும்பத் தலைவராகச் சொல்கிறேன். நீ கூப்பிடாமல் யாரும் அந்த வீட்டில் படுக்கக் கூடாது. காஸ்மஸ் கூரையைப் பார்க்க வேண்டுமானால் சாலையில் நின்று பார்க்கட்டும். நாயின் பெயர் மாறக் கூடாது.

இன்று ஃபிலிமோன் வேலைக்குப் போனார், வாடகைக்கு இருப்பவர்களும் போனார்கள். ரேடியோவை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். தவேங்வாவின் தடி கதவோரம் சாய்ந்திருந்தது. நினைத்தபடியே அந்த இன்னொருத்தி வந்தாள். இந்தத் தடவை நான் பானை தேய்க்கப் போகவில்லை. அவள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். ஏதோ ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்து கால் நீட்டிக் கடலை தின்றுகொண்டிருந்தாள். நன்றாகத்தான் இருந்தாள், ஃபுங்கை. எனக்கு அவள் மேல் பொறாமையாக இருந்தது. அழுதேன்.

அதற்குள் பக்கத்து வீட்டு மார்த்தா தலைதெறிக்க ஓடி வந்தாள். "யாருக்கா செத்துப்போனது? ரேடியோ சத்தத்தையே காணோமே!"

"யாரும் சாகல. யோசிக்கிறேன்."

"ஐயையோ, தனியாவா?" என்று சொல்லித் துணைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். இவர்களை என்ன செய்வது?

தடியை எடுத்து வாசலைக் காட்டினேன். போனாள். கதவைச் சாத்திக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நாளைக்கு ரேடியோவைப் போடுவேன், அது வேறு விஷயம். வேலை முடிந்து வந்த ஃபிலிமோன் வெளியே நின்று தட்டுகிறார், தேநீர் கேட்கிறார். தட்டட்டும்.

உன் புருஷன்,
எஸ்னாத்